உட்காராமல் போனவள்

ஸ்ரீராம்புரம்,
பெங்களூரு.
14.8.2024

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே ஹெர்பர்ட் அண்ணனும் சிந்தியாவும் சுகம்தானே?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் லெட்டர் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். எங்கள் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும். நான் போனில் தும்மினால் பக்கத்து வீட்டு பாஞ்சாலி “மாத்திரை வேணுமாக்கா?” என்று கேட்பாள். அதோடு உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் போய்விடும். இந்தத் தடவை அது போகக் கூடாது.

நேராகக் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தாயே, ஏண்டி உட்காரவே இல்லை?

நீங்கள் வருகிறீர்கள் என்று எங்கள் வீட்டில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத என் புருஷன் டெஸ்மண்ட், சோபா உறையைத் தானே துவைத்துப் போட்டார். மாப்பிள்ளைப் பையன் அமல் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் றெக்கையைத் துடைத்தான். நான் மட்டன் கட்லெட் போட்டேன். ஹெர்பர்ட் அண்ணன் உட்கார்ந்தார், கல்யாணப் பெண் சிந்தியாவே உட்கார்ந்தாள். நீ மட்டும் மீட்டர் பார்க்க வந்தவள் மாதிரி ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே நின்றாய். “உட்காருங்க, உட்காருங்க” என்று அவர் எத்தனை தடவை சொன்னார்? “பரவாயில்லண்ணா” என்று நின்றபடியே பாதி டீ குடித்தாய். “டிராஃபிக் ஜாஸ்தியாயிடும்” என்று கிளம்பியும் விட்டாய். கட்லெட் மூடி வைத்தது வைத்தபடியே இருந்தது.

நீங்கள் போன பிறகு டெஸ்மண்ட் சொன்னது இதுதான்: “உக்காந்தா அவங்க பொடவைல நம்ம ஊட்டு அழுக்கு ஒட்டிக்கும் போல. எவ்ளோ திமிரு பாரு.”

அவர் கார்ப்பரேஷன் லாரி ஓட்டுகிறவர். நீ ஏசி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் நடுவே இந்தப் பேச்சு வந்ததே இல்லை. இப்போது வந்துவிட்டது. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா?

பிள்ளைகளுக்குப் பிடித்துப் போய்விட்டது. அமல் வீட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டு திரிகிறான். “அவங்க ஏம்மா உக்காரல? நீங்க கேளுங்கம்மா” என்று அவன்தான் என்னைத் தள்ளிவிட்டான். எங்கள் தெருவில் சம்பந்தம் பேச வந்தவர்கள் உட்காராமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேண்டாம் என்பதை வாயால் சொல்லாமல் சொல்வது.

அப்படி இல்லையென்றால் உடனே எழுது. கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஃபாதரிடம் பேர் கொடுக்க வேண்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
மௌரீன்

*

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.
21.8.2024

என் அன்பு மௌரீனுக்கு,

உன் லெட்டர் வந்தது. படித்துவிட்டு அழுதேன், நடுவில் கொஞ்சம் சிரித்தேன். மீட்டர் பார்க்க வந்தவளா நான்? உன் வாய் இன்னும் அப்படியே இருக்கிறது.

உன் வீட்டில் எனக்கென்னடி குறை? அந்த வீட்டு அடுப்படியில் நீ சட்டியில் சோறு பிசைந்து, நாம் இருவரும் ஒரே சட்டியில் தின்றதை மறந்துவிட்டாயா? டெஸ்மண்ட் அண்ணன் அப்படி நினைத்தது எனக்கு நெஞ்சில் குத்துகிறது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எனக்குக் கொஞ்ச நாளாக இடுப்பு வலி. அன்றைக்கு லிங்கராஜபுரத்திலிருந்து உங்கள் வீடு வரைக்கும் ஹெர்பர்ட் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். நம்ம ஊர் ரோடும் குழியும் உனக்குத் தெரியாததா? வந்து இறங்கியபோது உயிர் போய்விட்டது. அதனால்தான் நின்றேன். வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

சிந்தியா உன் கட்லெட்டைச் சாப்பிடாமல் வந்ததற்கு என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அமலைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போகிறாள், ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். அவளுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று எனக்கே தெரியாது. ஓலைக்குப் பேர் கொடுப்போம். எனக்கு வலி கொஞ்சம் குறையட்டும், நானே வந்து பேசுகிறேன்.

என்றும் உன்,
பிரிஜெட்

*

ஸ்ரீராம்புரம்,
6.9.2024

பிரிஜெட்டுக்கு,

நலம். நலமறிய ஆவல். இதை எழுதும்போது கை வரவில்லை.

உன் லெட்டரை டெஸ்மண்டிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இடுப்பு வலின்னா மனுஷன் உக்காரத்தானே இடம் தேடுவான்?”

எனக்கும் இடுப்பு வலி உண்டு, பிரிஜெட். தண்ணீர் குடத்தைத் தூக்கிவிட்டு வந்தால் நான் முதலில் தேடுவது நாற்காலியைத்தான். இந்தத் தெருவில் இடுப்பு வலிக்காத பொம்பளை யார்? ஒருத்தியாவது நின்றுகொண்டு வலியை ஆற்றுகிறாளா?

அமல் மெசேஜில் கேட்டதற்குச் சிந்தியாவும் “மம்மிக்கு இடுப்பு வலி” என்றுதான் சொன்னாளாம். சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிறது என்கிறார் இவர். இன்னொன்றும் நடந்தது. போன வாரம் சிவாஜிநகர் பக்கம் ஒரு கல்யாண ஹாலில் இவருடைய தங்கை உன்னைப் பார்த்திருக்கிறாள். நீ குஷன் நாற்காலியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாயாம். அங்கே உட்கார முடிந்தது. எங்கள் வீட்டில் முடியவில்லை.

நான் உனக்காக எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? “அவ அப்படிப்பட்டவ இல்லங்க” என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. அமலின் விசிலும் நின்றுவிட்டது. “பெரியவங்க பேசி முடிக்கட்டும்மா, எங்கப்பாவ அவமானப்படுத்திட்டு எனக்கு எதுவும் வேணாம்” என்றான். சிந்தியாவுக்கு மெசேஜ் போடுவதையும் நிறுத்திவிட்டான்.

கே.ஜி.எஃப். பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. இவர் அதைப் பார்க்கலாம் என்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உண்மையான காரணம் என்னவாக இருந்தாலும் எழுது. எங்கள் வீடு பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுது. நான் தாங்கிக்கொள்வேன். பொய்யை மட்டும் தாங்க முடியாது.

மௌரீன்

*

லிங்கராஜபுரம்,
3.10.2024

என் மௌரீன்,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குத் திட்டாதே. எழுதி எழுதிக் கிழித்தேன். இந்த வார்த்தையைப் பேப்பரில் எழுதவே கை கூசுகிறது. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஆண்கள் கையில் கிடைக்க வேண்டாம்.

எனக்கு வலி இடுப்பில் இல்லை. அதற்கும் கீழே. முதுகெலும்பு போய் முடிகிற இடத்தில், உட்காரும் இடத்தின் நடுவில், ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. வால் எலும்பு என்கிறார்கள். அங்கேதான். நின்றால் வலி இல்லை, நடந்தால் வலி இல்லை, படுத்தாலும் தேவலாம். உட்கார்ந்தால் மட்டும் கண்ணில் தண்ணீர் வரும். உட்கார்ந்து எழுந்திருக்கும் அந்த நொடி இருக்கிறதே, யாரோ ஆணியை அடிக்கிற மாதிரி இருக்கும், வாய்விட்டுக் கத்திவிடுவேன். அன்றைக்கு உன் சோபாவில் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கும்போது டெஸ்மண்ட் அண்ணன் முன்னால் கத்தியிருப்பேன். “எங்கே வலி?” என்று அவர் கேட்டால், அமலும் நிற்கும்போது, நான் எந்த இடத்தைக் காட்டுவேன், சொல்?

அந்த வெட்கத்தில்தான் எல்லோரிடமும் இடுப்பு என்றேன். ஹெர்பர்ட்டிடமும் அதையேதான் சொன்னேன். அவர் பாவம், சிவாஜிநகரில் தேடி இடுப்புக்குப் பெல்ட் வாங்கி வந்தார். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வலி இரண்டு மடங்காயிற்று. அப்புறம் மூலமாக இருக்குமோ என்று பயந்து, பெண் பிள்ளை இருக்கிற மருந்துக் கடையாகத் தேடிப் போய் ஆயின்மென்ட் வாங்கித் தடவினேன். முதலில் பார்த்த டாக்டர் ஆண் பிள்ளை. “சொன்ட்ட நோவா அம்மா?” என்று கன்னடத்தில் இடுப்பு வலியா என்று அவரே கேட்டார். “ஹௌது” என்று தலையாட்டிவிட்டேன். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் நார்மல், வயசாகிறது என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்காத இடத்தைப் படம் எடுத்தால் வேறென்ன தெரியும்!

போன வாரம் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் என் பேச்சையே கேட்கவில்லை. “வலிக்கிற எடத்த ஒரே வெரல்ல தொட்டுக் காமிங்க” என்றார். தொட்டுக் காட்டினேன். “இதச் சொல்றதுக்கா இவ்ளோ நாளு?” என்று கேட்டார். எலும்பு உடையவில்லையாம். அடிபட்டு, அதைச் சுற்றி வீங்கி, நான் பயந்து இறுக்கி இறுக்கி வைத்ததில் சதையும் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இதற்குள் ஆறியிருக்கும் என்றார்.

பின்பக்கம் வெட்டிவிட்ட ஒரு குஷன் கொடுத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் எலும்பு எதிலும் படாது. பின்னால் சாயாமல் முன்னால் குனிந்து உட்கார வேண்டும், எழும்போதும் முதலில் முன்னால் சாய்ந்துகொண்டுதான் எழ வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். முக்காமல் வெளிக்குப் போக வேண்டும் என்று கீரையும் பப்பாளியுமாகத் தின்கிறேன். சுப்ரியா என்று ஒரு பிசியோதெரபிப் பெண், மூச்சை இழுத்து அந்த இடத்துச் சதையைத் தளர்த்தச் சொல்லிக் கொடுக்கிறாள். முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுமாம். ஆகாவிட்டால் ஊசி இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இப்போதே கொஞ்சம் தேவலாம். ஆபீஸில் மேஜை மேல் அட்டைப் பெட்டி வைத்து, அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்து நின்றுகொண்டு வேலை பார்க்கிறேன். இந்த லெட்டரைக்கூட இஸ்திரி மேஜை மேல் பேப்பரை வைத்து, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

சிவாஜிநகர் ஹாலில் உட்கார்ந்தது உண்மைதான். சால்வையைச் சுருட்டி ஒரு பக்கத் தொடைக்கு அடியில் வைத்து, நாற்காலி நுனியில், கோணலாக. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று நினைத்தேன். எழும்போது ஹெர்பர்ட் கையைப் பிடித்துக் கத்தியதை உன் நாத்தனார் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் தயங்கினேன். மே மாதம் எங்கள் பங்குத் திருவிழாவுக்கு உன்னைக் கூப்பிட்டேனே, பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தார்களே. கடைசியில் நீயும் நானும் ஒரு நாற்காலியும்தான் மிச்சம். பாட்டு நின்றதும் நீ ஒரு இடி இடித்தாய். நீ நாற்காலியில், நான் சிமென்ட் தரையில். மொத்தப் பங்கும் சிரித்தது, நானும் சிரித்தேன். உனக்கு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயந்திரம் ஆரம்பித்த வலி இது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மௌரீன். நாற்காலி என் பக்கம் இருந்திருந்தால் நானும் உன்னை இடித்திருப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னால் நீ தள்ளியதால்தான் என்று ஆகிவிடும். சம்பந்தம் பேசுகிற நேரத்தில் அந்தப் பேச்சு எதற்கு என்று விழுங்கிவிட்டேன். அந்த விழுங்கலில் என் பெண்ணின் கல்யாணமும் சேர்ந்து போய்விடக் கூடாது.

டெஸ்மண்ட் அண்ணனிடம் நீ எப்படியாவது சொல். என் வெட்கம் போனால் போகட்டும். 13ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும் குஷனைக் கையில் எடுத்துக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உன் தெருவே பார்த்துச் சிரிக்கட்டும்.

உன்,
பிரிஜெட்

*

ஸ்ரீராம்புரம்,
8.10.2024

என் தங்கமே பிரிஜெட்,

உன் லெட்டர் நேற்று, திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள் ஞாயிறு பூசையில் அமலுக்கு முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். கே.ஜி.எஃப். பெண். லவினா என்று பேர்.

நான் என்ன செய்வேன்? நீ பதிலே எழுதவில்லை. போன் அடித்தேன், ரெண்டு தடவை கட் ஆயிற்று. இவரும் இனிமேல் என்ன இருக்கிறது என்றார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. சரி என்று சொன்னது நான்தான். அமலிடம் “உனக்கு இஷ்டமா?” என்று கேட்டேன். “உங்களுக்கு இஷ்டம்னா சரிம்மா” என்றான். அவன் முகத்தைப் பார்த்து நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, பாவி.

உன் லெட்டரைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இடித்தது நான், விழுந்தது நீ, திமிர் என்று பட்டம் கட்டியதும் நான். உனக்கு வலித்தது தெரியாமல் அந்த ஹாட் பாக்ஸில் தினமும் சப்பாத்தி வைத்தேனே. அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். ஏண்டி, என்னிடமா வெட்கம்? எனக்கு முதல் பிரசவத்தில் தையல் போட்ட கதையைக்கூட நான் உன்னிடம் விலாவாரியாகச் சொன்னேனே! “குண்டி எலும்பு வலிக்குதுடி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உனக்குப் பாய் போட்டுக் குப்புறப் படுக்க வைத்தே சம்பந்தம் பேசியிருப்பேன்.

இப்போது கேள். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல், நான் ஃபாதர் காலில் விழுந்து நிறுத்துகிறேன். இவரிடம் நானே விளக்கிச் சொல்கிறேன், அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். லவினா வீட்டில் கலாட்டா செய்வார்கள். செய்யட்டும். அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை, அம்மா கல்யாணச் செலவுக்குக் கடன் கேட்டு ஓடுகிறாள், தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாளாம். நல்ல பெண்தான், குறை சொல்ல வாயில்லை. ஆனால் என் பிள்ளை விசில் அடித்தது உன் பெண்ணுக்காகத்தான்.

அமலிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீயே சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் பாவி,
மௌரீன்

*

லிங்கராஜபுரம்,
10.10.2024

என் அன்பு மௌரீனுக்கு,

உன் லெட்டர் இன்று காலையில் வந்தது. அடுத்த ஓலைக்கு முன்னால் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பேசினால் என் வாய் வேறு பதில் சொல்லிவிடும். அதனால் எழுத்திலேயே சொல்கிறேன்.

நிறுத்தாதே.

சிந்தியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, வெட்கப்பட்டது, எலும்பின் பேர், எல்லாம். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “இத என்கிட்ட சொல்றதுக்கு என்ன மம்மி? நானே அவருக்கு மெசேஜ் போட்டிருப்பேனே” என்றாள். அப்புறம், “அந்தப் பொண்ணு பேரு கோவில்ல படிச்சிட்டாங்களா?” என்று கேட்டாள். படித்துவிட்டார்கள் என்றேன். “அப்ப விட்ருங்க” என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

அவள் அழுததை நான் கேட்டேன். உள்ளே போகலாம் என்று எழுந்தேன், ஆனால் என்ன சொல்லித் தேற்றுவேன்? இந்த வயதில் எனக்கு வந்த வெட்கத்தின் விலையை அந்தச் சின்ன வயதில் அவள் கொடுக்கிறாள். ஒரே விரலால் தொட்டுக் காட்ட எனக்கு நாலஞ்சு மாதம் ஆயிற்றே!

ஓலை வாசிக்கும்போது ஃபாதர் கேட்பாரே, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. எனக்குத் தெரிந்தது தடை இல்லை. என் வால் எலும்புக்காக அப்பா இல்லாத ஒரு பெண்ணின் பேரைக் கோவிலில் படித்துவிட்டு அழிக்கச் சொல்ல என்னால் முடியாது. அவள் அம்மாவும் நம்மைப் போல ஒருத்திதானே. நாளைக்கு அவள் தெருவில் எப்படி நடப்பாள்?

நீ உன்னைப் பாவி என்று எழுதாதே. விளையாட்டில் இடித்தாய், அவ்வளவுதான். அதற்காக ஹாட் பாக்ஸைப் பரணில் போடுவார்களா, எடுத்துச் சப்பாத்தி வை. எனக்கு உடம்பு தேறி வருகிறது. போன ஞாயிறு பூசையில் பிரசங்கம் முழுக்கக் குஷனில் உட்கார்ந்திருந்தேன். எழும்போது லேசாகத்தான் வலித்தது. பொங்கலுக்குள் முழுக்கச் சரியாகிவிடும் என்று சுப்ரியா சொல்கிறாள்.

கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. பத்திரிகையும் அனுப்பாதே. லெட்டரும் இனிமேல் வேண்டாம். வீட்டுக்கு வருகிற தபாலைச் சிந்தியாதான் எடுக்கிறாள். கவர் மேல் உன் கையெழுத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு அமல் ஞாபகம் வரும். எனக்கு உன்மேல் கோபம் என்று நினைத்தால் உன் வாயிலேயே அடிப்பேன். எனக்கு வேறு யாரிடம் இவ்வளவு அசிங்கமாகப் பேச முடியும்? ஆனால் அவள் என் பெண். இப்போதைக்கு அவள் பக்கம்தான் நான் நிற்க வேண்டும்.

டெஸ்மண்ட் அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அமலிடம் கண்டிப்பாகச் சொல்லாதே. அவன் நல்ல பிள்ளை. ஒன்றுமில்லாத காரணத்துக்காகச் சிந்தியாவை விட்டோம் என்று தெரிந்தால் அவன் மனசு ஆறாது, லவினாவும் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க மாட்டாள். இப்போது அவனுக்கு என்மேல் ஒரு கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும், அவனுக்கு அது நல்லது. சிந்தியாவின் அம்மா ஏன் நம் வீட்டில் உட்காரவில்லை என்று அவன் மறுபடி கேட்டால், திமிர்தான் என்று சொல்லிவிடு.

உன்,
பிரிஜெட்